முழு அச்சா, தனித்தொங்கலா? நான்கு சக்கர விசை வண்டிகளின் கதை



கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். தானா ராத்தாவைத் தாண்டி, பிரிஞ்சாங்கையும் தாண்டினால், காய்கறித் தோட்டங்களின் சரிவுகளில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். கதவு ஒரு நிறமாகவும் மட்கார்டு வேறு நிறமாகவும் இருக்கும். சிலவற்றுக்குக் கதவே இருக்காது. அரை நூற்றாண்டுக்கு முன் செய்யப்பட்ட அந்த வண்டிகள், முட்டைக்கோசையும் உரமூட்டைகளையும் சுமந்துகொண்டு, சேறும் கல்லும் கலந்த பாதையில் இன்னும் உழைக்கின்றன. அதே மலையின் தார்ச்சாலையில் பளபளக்கும் புதிய ஹைலக்ஸ் வண்டிகளும் ஓடுகின்றன. இரண்டுமே நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகள்தாம். ஆனால் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தால், முன் சக்கரங்களுக்கு நடுவே லேண்ட் ரோவரில் இருப்பது வேறு, ஹைலக்ஸில் இருப்பது வேறு.

இந்த வேறுபாடு பற்றி எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதம் நடந்து வருகிறது. இதன் பொருட்டு ஒரு நாட்டின் படை, தானே விரும்பிச் செய்வித்த வண்டியைக் கைவிட்டது. இதனோடு தொடர்புள்ள ஒரு பிழையால் இன்னொரு படையில் வீரர்கள் உயிரிழந்தார்கள். வண்டி வாங்க நினைக்கும் தோட்டக்காரரும் வெட்டுமரக் குத்தகைக்காரரும் இன்றும் இதைக் கேட்கிறார்கள். ஆகவே இன்று அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாட்டுவண்டியில் இரண்டு சக்கரங்களையும் தாங்கிக் குறுக்கே செல்வது அச்சு. இருசு என்றும் சொல்வதுண்டு. மோட்டார் வண்டியிலும் அப்படி ஒரே குறுக்குத் தண்டாக இருந்தால் அதை முழு அச்சு என்று சொல்லலாம். விசை செல்லும் முழு அச்சு உள்ளே குழாய் போன்றது. அதன் நடுவில் அல்லது சற்று ஒரு பக்கமாக, பூசணிக்காய்போல் புடைத்த ஓர் இரும்புக் கூடு இருக்கும். விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. அதை நடுக்கூடு என்று அழைப்போம். இந்த அமைப்பில் ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. நடுக்கூடும் சேர்ந்து மேலே எழும்புகிறது.

மற்றொரு முறையில் குறுக்குத் தண்டு கிடையாது. நடுக்கூட்டை வண்டியின் சட்டத்தோடு இறுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் தன் கைகளைப் பற்றிக்கொண்டு தனியாக மேலும் கீழும் ஆடுகிறது. இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலது சக்கரத்துக்கு அது தெரியாது. இதைத் தனித்தொங்கல் என்று சொல்வோம். பயணிகள் காரில் இது வெகு காலமாகவே உண்டு. முன் சக்கரங்களுக்கும் விசை செல்லும் முரட்டு வண்டியில் இதை வைக்கலாமா என்பதுதான் வழக்கு.

முன் சக்கரத்துக்கு விசை கொடுப்பதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. பின் சக்கரம் சுழன்றால் போதும்; முன் சக்கரமோ சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ சாக்கோவும் அவர் மைத்துனர் வில்லியம் பெசர்டிக்கும் 1908இல் இதற்கு ஒரு வழியைப் பதிவு செய்தார்கள். அச்சின் நுனியில் ஒரு இரும்புக் குமிழ். அக்குமிழுக்குள் வளைந்து சுழலும் இணைப்பு. குமிழைச் சுற்றித் திரும்பும் சக்கரம். மறு ஆண்டே எஃப்.டபிள்யூ.டி. என்னும் நிறுவனம் எழுந்தது. முதல் உலகப்போரில் அதன் பாரவண்டிகள் பத்தாயிரத்துக்கும் மேலாகப் போர்க்களம் சென்றன. கேமரன் மலை லேண்ட் ரோவரின் முன் சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் கசிந்தபடி தெரியும் அந்த உருண்டைக் குமிழைப் பாருங்கள். சாக்கோவின் பட்டறையில் பிறந்த எண்ணத்தின் வழிவந்தது அது.

ஒரு குறை மட்டும் நீடித்தது. பழைய வகை இணைப்பு வளைந்த நிலையில் சுழலும்போது, சீராகச் சுழலாமல் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் சுழலும். திருப்பும்போது ஸ்டேரிங் உதறும். பிரான்சில் ழான் ஆல்பெர் கிரேகுவார், பியேர் ஃபெனாய் ஆகிய இருவரும் 1926இல் உருவாக்கிய டிராக்டா இணைப்பும், அமெரிக்காவில் ஆல்ஃபிரட் செப்பா கண்ட குண்டு இணைப்பும் இந்தக் குறையைத் தீர்த்தன. எவ்வளவு வளைந்தாலும் சீராகச் சுழலும் இணைப்பு கிடைத்த பிறகுதான் சிறிய, விரைவான நான்கு சக்கர விசை வண்டி கைகூடியது.

இரண்டாம் உலகப்போரில் இரு முறைகளும் எதிரெதிரே நின்றன. தனித்தொங்கலை முதலில் பெரிய அளவில் நம்பியது ஜெர்மானியப் படைதான். 1936 முதல் ஸ்டோவர், பிஎம்டபிள்யூ, ஹனோமாக் ஆகிய நிறுவனங்கள் படைக்கென ஒரே வகை இலேசு வண்டியைச் செய்தன. நான்கு சக்கரங்களுக்கும் விசை. நான்கும் தனித்தனியாகத் தொங்கின. போதாக்குறைக்கு நான்கும் திரும்பின! வரைபடத்தில் பார்த்தால் பொறியியலின் அழகு. களத்தில் அது கனமாகவும் சிக்கலாகவும் இருந்தது. பழுது பார்ப்பது பெரும் தொல்லை. நான்கு சக்கரமும் திரும்பும் ஏற்பாட்டை 1940இல் எடுத்துவிட்டார்கள். 1943இல் வண்டியின் உற்பத்தியே நின்றது. அதன் வேலையைப் பெரும்பாலும் செய்தது கூபல்வாகன் எனும் எளிய ஃபோக்ஸ்வாகன். அதற்குத் தனித்தொங்கல் இருந்தது. ஆனால் விசை பின் சக்கரங்களுக்கு மட்டுமே.

அமெரிக்கர்களோ அவசரத்தில் இருந்தார்கள். 1940இல் படை கேட்ட முதல் மாதிரி வண்டியை 49 நாளில் தர வேண்டும். பாண்டம் என்ற சிறு நிறுவனம் அதை அந்த ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் கொண்டுபோய் ஒப்படைத்தது. அந்த அவசரத்தில் புதிய தொங்கல் முறையைச் சிந்திக்க யாருக்கு நேரம்? முன்னும் பின்னும் முழு அச்சு, பட்டை ஸ்பிரிங், அவ்வளவுதான். அதிலிருந்து வளர்ந்த ஜீப்பை வில்லிஸும் ஃபோர்டும் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேல் செய்து குவித்தன. ஜீப் வசதியான வண்டியன்று. ஓட்டியவர்களின் இடுப்புக்குத்தான் அது தெரியும். ஆனால் ஸ்பிரிங்கில் ஒரு தகடு ஒடிந்தால் எந்தப் பட்டறையிலும் மாற்றலாம். நான்கு போல்ட்டைக் கழற்றினால் அச்சே கையோடு வந்துவிடும்.

போருக்குப் பிறகு பிரிட்டனில் நடந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜீப்பைவிட மேலான ஒரு வண்டி வேண்டும் என்று பிரிட்டிஷ் படை விரும்பியது. ஆஸ்டின் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் சாம்ப் என்ற வண்டியைச் செய்தது. ரோல்ஸ் ராய்ஸ் வடிவமைத்த இயந்திரம். முன்னே போக ஐந்து கியர், பின்னே போகவும் அதே ஐந்து. நான்கு சக்கரமும் தனித்தொங்கல். ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குத் தண்டுகள். கரடுமுரடான நிலத்தில் வேகமாகப் போவதில் அதற்கு ஈடான சிறு வண்டி அப்போது அரிது.

அதே காலத்தில் ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் உழைத்த பழைய ஜீப் ஒன்றைப் பார்த்து, விவசாயிகளுக்காக ஒரு வண்டியை உருவாக்கியிருந்தார். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த அதுதான் லேண்ட் ரோவர். எஃகு கிடைப்பது அரிதாக இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடியில் ஜீப்பைப் போலவே இரண்டு முழு அச்சுகள், பட்டை ஸ்பிரிங். புதுமை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

சாம்பின் விலை லேண்ட் ரோவரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. படை செய்ய வேண்டிய வேலைகளில் பெரும்பகுதியை லேண்ட் ரோவரே செய்துவிட்டது. 15,000 சாம்புகளுக்கு ஆணை கொடுத்த படை, சுமார் 12,000 வந்ததும் 1956இல் நிறுத்திக்கொண்டது. இங்கே மலாயாவில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். போலீசாரும் படையினரும் தோட்டத் துரைமாரும் லேண்ட் ரோவரில்தான் எஸ்டேட் பாதைகளில் அலைந்தார்கள். சிலர் அதற்கு இரும்புத் தகட்டுக் கவசமும் போட்டுக்கொண்டார்கள். அத்தகைய இடத்தில் வண்டி நின்றுவிட்டால் அதில் இருப்பவன் உயிருக்கே ஆபத்து. அருகிலிருந்த எஸ்டேட் பட்டறையில், இருக்கிற கருவிகளைக் கொண்டு மறுநாளே வண்டியைக் கிளப்ப முடியுமா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. சாம்பைச் செய்தவர்கள் தவறு செய்ததாக நான் சொல்லமாட்டேன். அவர்கள் நிலத்தைப் பார்த்து வண்டி செய்தார்கள். பட்டறையைப் பார்த்துச் செய்யவில்லை.

அமெரிக்கப் படை வேறு வழியில் சென்றது. ஜீப்புக்கு அடுத்த வாரிசாக ஃபோர்டு வடிவமைத்த எம்-151 வண்டி 1960 முதல் பணியில் சேர்ந்தது. நான்கு சக்கரமும் தனித்தொங்கல். முன்புறம் ஒழுங்காகவே இருந்தது. பின்புறத்தில் ஊஞ்சல்போல் ஆடும் அரை அச்சுகளை வைத்தார்கள். வேகமாகத் திரும்பும்போது பின் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும், வண்டி கவிழும். பழைய ஜீப்பின் முரட்டுக் குலுக்கல் ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லும். இதன் மென்மையோ வேகத்தை மறைத்துவிட்டது. பழக்கமில்லாத இளம் வீரர்கள் கவிழ்ந்து இறந்தார்கள். 1970இல் வந்த எம்-151ஏ2 வகையில் பின்புறத்தை மாற்றியமைத்தார்கள். அப்படியும், பணி முடிந்த வண்டிகளைப் பொதுமக்களுக்கு முழுதாக விற்காமல் வெட்டித் துண்டாக்கும் நடைமுறை இருந்தது. தனித்தொங்கல் என்றாலே ஆபத்து என்று பலர் நினைக்க இந்த வண்டி ஒரு காரணம். உண்மையில் குற்றம் பின்புறத்து ஊஞ்சல் அச்சுடையது; முன்புறத் தொங்கல் பழியை மட்டும் பங்கிட்டுக்கொண்டது.

இந்த இடத்தில் நேயர்கள் கேட்கலாம்: எது நல்லது என்று பொறியியல் சொல்லாதா? சொல்லும். ஆனால் நிலத்துக்கு நிலம் வேறாகச் சொல்லும்.

இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கும்போது அளந்தால், தனித்தொங்கல் வண்டிக்கு நடுவில் பெரும்பாலும் இடைவெளி அதிகம். நடுக்கூடு சட்டத்தோடு உயரமாக இருக்கிறது. விற்பனைக்காரர் காட்டும் எண் இதுதான். ஆனால் வண்டி பாரத்தோடு பள்ளத்தில் இறங்கி முன்புறம் அமுங்கும்போது, சட்டத்தோடு நடுக்கூடும் கீழே வருகிறது, இடைவெளி சுருங்குகிறது. முழு அச்சில் நடுக்கூட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி எப்போதும் ஒன்றே. சக்கரம் கல்லில் ஏறினால் அதுவும் ஏறும். மெதுவாகக் கல்லேறும் ஓட்டுநருக்குத் தன் அச்சு எங்கே இருக்கிறது என்பது எப்போதும் தெரியும்.

அடுத்தது பிடிப்பு. முழு அச்சில் ஒரு சக்கரம் மேலே தள்ளப்பட்டால் மறு சக்கரம் கீழே அழுத்தப்படுகிறது. குழி மாறி மாறி வரும் பாதையில் இரண்டும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். தனித்தொங்கலில் சக்கரம் ஆடும் அளவு பொதுவாகக் குறைவு. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழல்வதைக் காணலாம்.

வேகத்திலோ நிலைமை தலைகீழ். முழு அச்சு கனமானது. சரளைச் சாலையில் அந்தக் கனம் முழுவதும் துள்ளுகிறது. ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மறு சக்கரத்துக்கும் ஸ்டேரிங்குக்கும் போகிறது. இணைப்புகள் தேய்ந்த வண்டியில் ஸ்டேரிங் உதறத் தொடங்கினால், வேகத்தைக் குறைக்கும் வரை நிற்காது. தனித்தொங்கலில் துள்ளும் எடை குறைவு. சக்கரம் சாலையோடு ஒட்டிக்கொள்கிறது. வளைவில் நம்பிக்கையோடு திருப்பலாம். மனிதர்கள் சாவது பெரும்பாலும் காட்டுப் பாதையில் அல்ல, நெடுஞ்சாலையில்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பொதுமக்களுக்கான வண்டிகளில் மாற்றம் மெதுவாக வந்தது. 1963இல் ஜீப் வேகனீர் வண்டிக்குத் தனித்தொங்கல் முன்புறத்தை விரும்பினால் பெறலாம் என்றார்கள். விரும்பியவர் சிலரே, சில ஆண்டுகளில் அது மறைந்தது. 1980இல் ஃபோர்டு தன் எஃப்-150 வண்டியில் அச்சையே இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் நடுக்கூட்டைத் தொங்கவிட்டது. பாதி அதுவும் பாதி இதுவுமான அந்த ஏற்பாடு உறுதியானதுதான். டயர் கோணலாகத் தேயும் என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது.

திருப்பத்தைக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர்கள். 1982இல் மிட்சுபிஷி பஜேரோ தனித்தொங்கல் முன்புறத்தோடு பிறந்தது. 1985இல் பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தில் முதலிடம் பெற்றது. மணலில் மணிக்கணக்காக வேகமாக ஓடும் பந்தயத்தில் வென்ற பிறகு, இது பலவீனமான அமைப்பு என்று யார் சொல்வது? டொயோட்டா ஹைலக்ஸின் நான்கு சக்கர விசை வண்டி 1979 முதல் முழு முன் அச்சோடு விற்றுவந்தது. 1985இன் கடைசியில் அதற்குத் தனித்தொங்கல் வந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அதை வாங்கியவர்களில் பலர் வாரநாளில் அலுவலகத்துக்கும் வாரக்கடைசியில் கடற்கரைக்கும் போகிறவர்கள்.

ஆனால் டொயோட்டா செய்த அடுத்த காரியத்தைக் கவனியுங்கள். பழைய முழு அச்சை அது தூக்கி எறியவில்லை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு முழு அச்சு ஹைலக்ஸை 1997 வரை அனுப்பிக்கொண்டே இருந்தது. 1998இல் லேண்ட் குரூசர் 100 வரிசைக்குத் தனித்தொங்கல் வந்தபோதும் அப்படியே: ஏறத்தாழ அதே உடலோடு, அடியில் முழு அச்சுள்ள 105 என்ற வண்டியையும் செய்தது. நகரத்துக்காரருக்கு 100, சுரங்கத்துக்கும் பாலைவனப் பண்ணைக்கும் 105. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரண்டு விடை. பக்கம் பக்கமாக வாதாடுவதைவிட இந்த ஒரு செய்தி எனக்கு அதிகம் சொல்கிறது.

அமெரிக்காவின் பெரிய பிக்கப் வண்டிகளிலும் இன்றுவரை ஒற்றுமை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1988 வகையிலிருந்து கனரக வண்டிகளுக்கும் தனித்தொங்கல்தான் வைக்கிறது. ஃபோர்டின் சூப்பர் டியூட்டியும் ராமின் கனரக வண்டிகளும் முழு அச்சை விடவில்லை. ஆனால் ராம் தன் இலேசு வகையான 1500க்கு 2002இல் தனித்தொங்கலுக்கு மாறிவிட்டது. முன்னால் பனித்தள்ளி மாட்டும் குத்தகைக்காரர் முழு அச்சைக் கேட்கிறார். நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் இழுவண்டி இழுப்பவர் மற்றதைக் கேட்கிறார்.

தனித்தொங்கல் கனத்தைத் தாங்காது என்று சொல்கிறவர்கள் செக் நாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே ஹான்ஸ் லெட்விங்கா 1923இல் டாட்ரா வண்டிக்கு முதுகெலும்புபோல் ஒரு குழாயும், அதிலிருந்து ஆடும் அரை அச்சுகளும் வைத்தார். அந்த வழியில் வந்த டாட்ரா பாரவண்டிகள் இன்றும் பல டன் சுமந்து திரிகின்றன. காரல் லோப்ராய்ஸ் அவற்றை ஓட்டி டக்கார் பந்தயத்தின் பாரவண்டிப் பிரிவில் 6 முறை வென்றார். அமெரிக்கப் படையின் ஹம்வீயும் 1980களின் நடுவிலிருந்து நான்கு சக்கரமும் தனித்தொங்கலோடு ஓடியது. சக்கர மையத்தில் பல்சக்கரம் வைத்து, அடியில் சுமார் 40 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கச் செய்திருந்தார்கள். பணம் செலவழிக்கவும், பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் வைத்துக்கொள்ளவும் முடிந்தால் தனித்தொங்கலை எவ்வளவு வேண்டுமானாலும் உறுதியாக்கலாம்.

காலப்போக்கில் பழைய கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முழு அச்சு லேண்ட் ரோவரின் கடைசி வாரிசான டிஃபெண்டர், 2016 ஜனவரி 29ஆம் நாள் சோலிஹல் தொழிற்சாலையில் முடிவுற்றது. 2019இல் அறிமுகமான புதிய டிஃபெண்டருக்கு முன்னும் பின்னும் தனித்தொங்கல். 1979 முதல் முழு அச்சோடு நின்ற மெர்சிடிஸ் ஜி வண்டியும் 2018இல் முன்புறத்தைப் பிரித்துக்கொண்டது. ஆனால் அதே 2018இல் வெளிவந்த புதிய சுசுகி ஜிம்னி முழு அச்சோடுதான் வந்தது. ஜீப் ரேங்லரும் லேண்ட் குரூசர் 70 வரிசையும் அதை இன்னும் விடவில்லை. 1997 முதல் நம் நாட்டுக் காடுகளில் நடந்துவரும் மழைக்காட்டுப் பந்தயத்துக்கு வரும் வண்டிகளின் அடியிலும் முழு அச்சுகளை நிறையக் காணலாம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனித்தொங்கல் வண்டியானால், முன் சக்கரத்துக்குப் போகும் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகளைத் தடவிப் பாருங்கள். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். பிறகு திரும்பும்போது கடகடவென்று ஓசை கேட்கும். மலிவான உறையை அலட்சியம் செய்து இணைப்பையே மாற்ற நேர்ந்தவர்கள் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் மேல்கீழ்க் கைகளின் குமிழ் மூட்டுகளையும் கடப்பாறையால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முழு அச்சானால், சக்கரத்துக்குப் பின்னால் உள்ள குமிழில் எண்ணெய் எவ்வளவு கசிகிறது, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேண்ட் ரோவரில் கொஞ்சம் கசிவது வழக்கம்தான்; உள்ளே எண்ணெய் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று பட்டறைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். பிறகு பாரம் ஏற்றிக்கொண்டு, நீங்கள் தினமும் போகும் பாதையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கடை வாசலைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

மறுபடியும் கேமரன் மலைக்கு வருவோம். அங்கே காய்கறி பயிரிடும் குடும்பங்கள் சிலவற்றின் வாசலில் இரண்டு வண்டிகளும் அருகருகே நிற்கின்றன. அதிகாலையில் சேறு வழுக்கும் சரிவில் லேண்ட் ரோவர் இறங்கிப் போய், கூடைகளை ஏற்றிக்கொண்டு, நடையைவிடச் சற்றே கூடிய வேகத்தில் தார்ச்சாலை வரை வருகிறது. அங்கே கூடைகள் லோரிக்கு மாறுகின்றன. லேண்ட் ரோவர் திரும்பவும் சேற்றுக்குள் இறங்குகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஹைலக்ஸ் கிளம்புகிறது.

அடுத்த உரையில் இந்த வண்டிகளின் கியர்ப் பெட்டியைப் பற்றிப் பேசுவோம்.